மூட்டில் வெட்டாதே

மதியம் பன்னிரண்டுக்கு வா என்றான் ராய்வோ.
இறைச்சிக் கடையை அவன் சாத்தும் நேரம் அது.
சாரேமா தீவில் ஜூலை மாதம்,
உச்சி வெயிலில் எடுத்தால்
கண் இரண்டும் குழி,
மூக்கின்கீழ் நிழலில் ஒரு மீசை.
ஐம்பதாவது பிறந்தநாளென்று எவேலி
பணம் கட்டியது மண்டையோட்டுக்கு இல்லை என்றேன்.
முனகிக்கொண்டு மாலை ஏழுக்கு வந்தான்,
துவைத்த ஏப்ரன் கட்டி.

லிண்டன் மரத்தடியில் நிறுத்தினேன்.
கன்னத்தில் இலைப்பச்சை ஏறியது.
"மூன்று நாள் விற்காத கறி மாதிரி இருப்பேனே,"
அவனே சொன்னான்.
மேசைவிரிப்பைப் புல்மேல் உதறி விரித்தேன்.
வெள்ளை கீழிருந்து எழுந்து
அவன் தாடைக்கடியில் போய் உட்கார்ந்தது.
பச்சை பாதிதான் போனது.

ஒன்பதே முக்கால்.
வெயில் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை.
படகுத்துறைக்கு நடந்தோம்.
பின்னால் பால்டிக்.
நின்று பார்த்தால் கடல்கோடு
நேராக அவன் கழுத்தை அறுத்துக்கொண்டு போகிறது.
மண்டியிட்டேன்;
கோடு இடுப்புக்கு இறங்கிற்று.
அவன் உச்சந்தலையில் முளைத்திருந்த பாய்மரத்தை
இரண்டடி நகர்ந்து பிடுங்கிப் போட்டேன்.
இத்தனை நேரமும் அவன் இடது கை
ஏப்ரனுக்குள்தான் இருந்தது.
நானும் வெளியே எடு என்று சொல்லவில்லை.

இடப்புருவத்தில் ஒரு கொசு.
"அசையலாமா?"
"அடி."
அடித்தான். தப்பித்தது.
சிரித்தான்.
எண்பத்தேழு படங்களில்
அந்த ஒன்றில் மட்டும் அவன் இருந்தான்.

இரவெல்லாம் திரையில் விளிம்பை நகர்த்தினேன்.
எனக்குக் கிடைத்த முதல் பாடம்:
மூட்டில் வெட்டாதே.
மணிக்கட்டு, முழங்கை, முழங்கால்
எங்கே விளிம்பு விழுந்தாலும்
பார்ப்பவனுக்கு உறுப்பு போனதாய்த் தோன்றும்.
இரண்டு மூட்டுக்கு நடுவே வெட்டு.
மிச்சத்தைக் கண் வளர்த்துக்கொள்ளும்.
துறையில் இதைச் சொன்னபோது
ராய்வோ வாய்விட்டுச் சிரித்தான்.
எங்கள் தொழிலில் தலைகீழ், மெரிகே,
கத்தி மூட்டைத்தான் தேடும்,
எலும்பின் நடுவில் வெட்டுபவன் கூலிக்காரன்.

முன்கையின் பாதியில் வெட்டினேன்.
கை வெளியே.
சிரிப்பு, தோள், ஒரு துண்டுக் கடல்.
படம் சுத்தமாக இருந்தது.

எவேலி தனியாக வந்தாள்.
தோல்பையைக் கழற்றாமல் பார்த்தாள்.
"மிச்சம் எங்கே?"
கண் வளர்த்துக்கொள்ளும் என்றேன்.
"வளர்த்தால் ஐந்து விரல் வளர்க்கும்," என்றாள்.
"எனக்கு மூன்றரை போதும்."

விளிம்பைத் திறந்தேன்.
கீழே கை வந்தது,
கொஞ்சம் கலங்கி, கொசுவை விட்டுவிட்டு
இறங்கிக்கொண்டிருந்த கை.
மோதிர விரல் பாதி.
சுண்டு விரல் இருந்த இடத்தில்
அந்திவெளிச்சம் தடையில்லாமல் போயிற்று.
கூடவே அழைக்காதவையும் வந்தன:
சிவப்பு பிளாஸ்டிக் வாளி,
யாருடைய பிள்ளையோ, ஐஸ்கிரீம் கையோடு,
சரியாக முழங்காலில் வெட்டுப்பட்டு.
அவனை அழித்துவிடட்டுமா என்றேன்.
யார் வீட்டுப் பையன் என்று தெரியவில்லையே,
இருக்கட்டும் என்றாள்.
பெரிய அளவுக்குப் பன்னிரண்டு யூரோ கூடுதல்.
பேரம் பேசினாள். பத்து.

சனிக்கிழமை கடைக்குப் போனேன்,
தொடைக்கறி அரைக்கிலோ.
சுவரில் பழைய நாள்காட்டிதான் இருந்தது.
படத்தைப்பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.
வலது கையில் கத்தி மூட்டைத் தேடியது.
இடது கை
கறியை அழுத்திப் பிடித்திருந்தது.
இங்கிருந்து எடுத்தால்
தராசு அவன் தோளை மறைக்கும் என்று
ஓரடி தள்ளி நின்றுகொண்டேன்.